மூன்றில் ஒரு பங்கு மனைவி

அத்தியாயம் 14

ரே தன் சிவப்புப் பேனாவால் ஒரு வரியைக் குறுக்கே அடித்ததோடு போன வாரம் கதையை விட்டிருந்தோம். அந்தக் கோடு இன்றைக்குத் தன் வேலையைக் காட்டப் போகிறது.

இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. லொரேன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் கணவன் டேரலுக்கு டயர் கடையில் வேலை. டேரலின் அப்பா ரே, கார் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் பாதிப் பேர் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் ஏற்கெனவே ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. மூன்று பேரும் ஒஹையோ மாநிலத்துப் பார்மா ஊரில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் ஆறு வருஷமாக முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். ரேயின் முழங்கால் இனி மாடிப்படி ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

ஃப்ளோரியன் நோவக் என்ற கிழவரின் தனி வீட்டை விலை பேசியாயிற்று. வங்கிக் கடனும் கிடைத்தாயிற்று. வங்கி தந்த காகிதத்தில் இரண்டு வரி இருந்தது. வங்கிக்கான உரிமைக் காப்பீடு, அதாவது வீட்டின் உரிமையில் பின்னால் வில்லங்கம் வந்தால் ஈடு கட்டுவது, கட்டாயம். வீடு வாங்குகிறவருக்கான உரிமைக் காப்பீடு, விருப்பம் இருந்தால் மட்டும். "விருப்பம் இருந்தான்னு அவனே எழுதியிருக்கான், அப்புறம் எந்த மடையன் கட்டுவான்?" என்று சொல்லித்தான் ரே அந்த இரண்டாவது வரியை அடித்தார். டேரல் அப்பாவுக்குத் தலையாட்டினான். லொரேன் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு லாரியில் எல்லாச் சாமானும் ஏறியாகிவிட்டது. கடைசியாக ஏறியது ரேயின் சாய்வு நாற்காலி. மெத்தைக்கு மேலே அதை வைத்து டேரல் கயிறு போட்டுக் கட்ட, ரே கீழே நின்று, "இறுக்குடா, இன்னும் இறுக்கு" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போது லொரேனின் செல்பேசி அடித்தது. பத்திர அலுவலகத்திலிருந்து நடீன்.

"லொரேன், உக்காந்திருக்கீங்களா?"

"உக்கார்ற நாற்காலியெல்லாம் லாரில ஏறிடுச்சு. சொல்லுங்க."

"ஒரு சிக்கல். ஃப்ளோரியனுக்குப் பொண்டாட்டி இருக்காங்க."

"அவருக்கா? தனியாள்னுதானே எழுதிக் கையெழுத்துப் போட்டாரு?"

"ஆமா. அதுதான் சிக்கல்."

இந்த வட்டிக்குக் கடன் தருவதாக வங்கி கொடுத்த வாக்கு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் பத்திரம் பதிவாகவில்லை என்றால் வட்டி ஏறும். ஏறின வட்டிக்கு அவர்கள் இரண்டு பேர் சம்பளமும் எட்டாது. வீடு கைநழுவிவிடும். இந்த வாடகை வீட்டுக்கும் நாளை வேறு ஆட்கள் குடி வருகிறார்கள்.

அரை மணி நேரத்தில் மூன்று பேரும் நடீன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் நின்று, வில்லங்கம் பார்த்து, பணத்தையும் பத்திரத்தையும் கைமாற்றிவிடுவது நடீனின் வேலை. காப்பீடு எழுதித் தருவதும் அவள்தான். இந்தப் பக்கத்து வழக்கப்படி விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே மேசையில் உட்காருவதே இல்லை. அவரவர் தனித்தனியாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் லொரேன் ஃப்ளோரியனை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

நடீன் ஒரு பழைய தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"தொண்ணூத்திரண்டுல கூரை மாத்துறதுக்குக் கடன் வாங்கியிருக்காரு. அதுல 'ஃப்ளோரியன் நோவக், அவர் மனைவி டோலோரஸ்'னு ரெண்டு கையெழுத்து. இப்ப தனியாள்ங்கறாரு. சரி, விவாகரத்துத் தீர்ப்பக் கொண்டாங்கன்னு பத்து நாளா கேக்குறேன். இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துட்டு, காலைல ஃபோன் பண்ணி அப்படி ஒரு காகிதமே இல்லைங்கறாரு."

"இருக்கட்டுமே, வீடு அவர் பேர்லதானே இருக்கு?" என்றான் டேரல்.

"நம்ம ஒஹையோ சட்டத்துல புருஷன் வீட்டுல பொண்டாட்டிக்கு மூணுல ஒரு பங்கு உரிமை உண்டு, ஆயுசு முழுக்க. அவங்க விட்டுக் குடுத்துக் கையெழுத்துப் போடாம நீங்க வாங்கினா, வீட்டோட சேத்து மூணுல ஒரு பங்கு டோலோரஸையும் வாங்கின மாதிரி."

ரே நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "அதுக்குத்தானே உங்க இன்சூரன்ஸு? வந்தா நீங்க பாத்துக்கங்க."

"தெரிஞ்ச ஓட்டைக்கு இன்சூரன்ஸ் கெடையாது சார். 'இது நீங்கலா'ன்னு தனியா எழுதி வெச்சிருவாங்க. அப்படி எழுதிட்டா பேங்க் பணத்த விடாது. தெரியாத ஓட்டைக்குத்தான் இன்சூரன்ஸ்."

"அறுபது எழுபது வருஷத்துப் பதிவ அலசிட்டேன்னு சொன்னீங்களே. இன்னும் என்ன தெரியாத ஓட்டை?"

"பதிவுல ஏறினதத்தானே நான் பாக்க முடியும்? கள்ளக் கையெழுத்து, பேரச் சொல்லாம விட்ட வாரிசு, இதெல்லாம் எந்தப் பதிவுலயும் இருக்காது. உங்க கார் இன்சூரன்ஸ் நாளைக்கு நடக்கப் போற விபத்துக்கு. இது எப்பவோ நடந்து முடிஞ்சு, இன்னும் யார் கண்ணுலயும் படாத விபத்துக்கு."

"அதான் பேங்க் பேர்ல ஒண்ணு கட்டியாச்சே."

"அது பேங்குக்கு. வீடு போச்சுன்னா பேங்க் தன் பணத்த வாங்கிட்டுப் போயிரும். உங்களுக்கு ரோடு."

ரே விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தச் சிவப்புக் கோடு லொரேனின் கண் முன்னால் வந்து நின்றது. அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"டோலோரஸ் கையெழுத்து வேணும். நானே நோட்டரி, எங்க கூப்புட்டாலும் முத்திரையோட வரேன். ஆனா நாலு மணிக்குள்ள தாள் என் கையில இருக்கணும்."

நடீன் காகிதங்களைத் தயார் செய்து முடிக்கப் பதினொன்றரை ஆயிற்று. ஃப்ளோரியன் நோவக் காலியான வீட்டில் ஒரே ஒரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். முதியோர் குடியிருப்பில் தரைத் தளத்து அறை ஒன்று அவருக்காகக் காத்திருக்கிறது.

மூன்று பேரையும் பார்த்ததும் அசடு வழிந்தார். ரேயும் அவரும் ஒரே தொழிற்சாலை. ஆளுக்கு ஆள் தெரியும், நெருக்கம் கிடையாது.

"ஏம்மா, இருபத்தொம்பது வருஷமா தனியாத்தான் சாப்புடுறேன், தனியாத்தான் படுக்குறேன். தனியாள்னு எழுதாம வேற என்னன்னு எழுதுறது?"

"விவாகரத்து வாங்கலியே சார்?"

"அவ போடுவான்னு நான் இருந்தேன். நான் போடுவேன்னு அவ இருந்திருப்பா. வருஷம் ஓடிப்போச்சு."

ரே தொண்டையைக் கனைத்தார். "யோவ் ஃப்ளோரியன், வருஷா வருஷம் யூனியன் ஆபீசுல வைத்தியக் காப்பீட்டுப் படிவத்துல மட்டும் என்ன எழுதுற? அந்தப் பொண்ணு சத்தமா படிக்கும்ல. 'மனைவி டோலோரஸ், போன வருஷம் மாதிரியேதானே'ன்னு. வரிசைல உனக்குப் பின்னாடி நானே எத்தன தடவ நின்னுருக்கேன்."

லொரேன் சடாரென்று மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா! இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

டேரல் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

ஃப்ளோரியனின் காது மடல் சிவந்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்குச் சர்க்கரை. மருந்து விக்கிற வெலைக்குப் பேர எடுத்துட்டா என்ன பண்ணுவா?"

வீட்டை விற்கும்போது இல்லாத மனைவி, மருந்து வாங்கும்போது மட்டும் இருந்திருக்கிறாள். கோபமாக வந்திருந்த லொரேனுக்கு அதைக் கேட்டதும் இந்தக் கிழவரைத் திட்ட மனசு வரவில்லை.

"அவங்க எங்க இருக்காங்க சார்?"

"தவக்காலத்து வெள்ளிக்கிழமை. எங்க இருப்பா? ஹெட்விக் சர்ச்சு கீழ்க் கூடத்துல பியரோகி மடிச்சுட்டு இருப்பா."

"நீங்களும் வாங்க."

"நானா! வெள்ளிக்கிழமை மீனுக்கு நான் ஊரத் தாண்டி உக்ரைன்காரங்க சர்ச்சுக்கில்ல போறேன். அவ கண்ணுல படக்கூடாதுன்னு இருபத்தொம்பது வருஷமா அந்த உப்புசப்பில்லாத மீனத் திங்கிறேன்."

சுவரில் மாட்டியிருந்த படத்தை அவர் இன்னும் கழற்றவில்லை. அதில் இரண்டு பையன்கள் தோளில் கை போட்டு நின்றார்கள். லொரேன் பார்ப்பதைக் கவனித்து, "சின்னவன் நான். பெரியவன் எமில், எங்க அண்ணன். அரிசோனா போனான், அதோட போனவன்தான். அம்மா காலமானதும் வீடு எனக்கு வந்துச்சு" என்றார்.

புறப்படும் முன்னால் லொரேன் ஓடிப்போய் நிலவறையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் மேலே இருக்கும் சமையலறை விருந்தாளிகள் பார்க்க. உண்மையான சமையல் நடப்பது கீழே நிலவறையில், இரண்டாவது சமையலறையில். அங்கே வெள்ளை எனாமல் பூசிய ஆறு பர்னர் அடுப்பு ஒன்று ராஜா மாதிரி நிற்கிறது. பிறந்ததிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியவள் லொரேன். இந்த வீட்டைப் பார்க்க வந்த முதல் நாள் அந்த அடுப்பில் கை வைத்ததும், இதுதான் என் வீடு என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

ஹெட்விக் தேவாலயத்தின் கீழ்க் கூடத்தில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை வாசலுக்கே வந்து வரவேற்றது. மணி பன்னிரண்டரை. தவக்கால வெள்ளியில் இறைச்சி கூடாது என்பதால், மீன் வறுவலுக்கு வரிசை வாகனம் நிறுத்தும் இடம் வரை நீண்டிருந்தது. உள்ளே நீளமான மேசையில் இருபது பெண்கள் மாவு வட்டத்தில் உருளைக்கிழங்கை வைத்து, கொழுக்கட்டை மாதிரி பியரோகி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் தலைமுடிக்கு வலை போட்டுக்கொண்டு நின்றவர்தான் டோலோரஸ். எழுபத்தாறு வயது. குரல் மட்டும் முப்பதில் நின்றுவிட்டது.

"ஓரத்த நல்லா அமுக்குங்கடி! தண்ணியில போட்டதும் வாயப் பொளக்குது பாருங்க. யாரும்மா நீ? வரிசை வெளியில."

லொரேன் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல மடிக்கிற கைகள் ஒவ்வொன்றாக நின்றன. 'தனியாள்' என்ற இடம் வந்தபோது மேசையில் ஒரு கைகூட மடிக்கவில்லை.

"தனியாள்னா எழுதினான்?"

"ஆமாம்மா."

டோலோரஸ் கை மாவைத் தட்டினார். "ஏன் வெளிய வந்தேன் தெரியுமா? நான் வாசிக்கிற அக்கார்டியன் பொட்டிய வித்துட்டான். எங்கப்பா வாங்கிக் குடுத்தது. நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள வித்து, பனி தள்ளுற மெஷினு வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தியிருக்கான். 'டோலோரஸ், இனிமே நீ பனி அள்ள வேணாம்'னு வேற சொல்றான். அன்னைக்கு அக்கார்டியன், இன்னைக்கு வீடு. என்னக் கேக்காம விக்கிறதே அவன் பொழப்பு."

"நீங்க கையெழுத்துப் போடலன்னா வீடு எங்களுக்கு இல்லம்மா. அஞ்சு மணியோட முடிஞ்சுது."

"உன் மேல எனக்கென்ன கோவம்? அவன் வரட்டும். எல்லாரையும் மாதிரி வரிசைல நிக்கட்டும். என் முன்னாடி வந்து, நான் யாருன்னு இத்தன பேர் கேக்கச் சொல்லட்டும். சொன்னா போடுறேன்."

லொரேன் திரும்பிப் பார்த்தாள். ரே ஏற்கெனவே வாசலை நோக்கி நொண்டிக்கொண்டிருந்தார். "அவன நான் தூக்கிட்டு வரேன். டேரல், லாரிய எடுடா!"

காத்திருக்கும் நேரத்தில் லொரேனுக்கும் தலைக்கு ஒரு வலையும் மேல்துணியும் கிடைத்தன. அவள் மடித்த முதல் பியரோகியைப் பார்த்துப் பக்கத்துப் பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு அந்த வீட்டுக்கு இப்படி அலையுற?" என்று டோலோரஸ் கேட்டார். "கூரை ஒழுகலியா?"

"எனக்கு நிலவறை அடுப்புதான் மொதல்ல புடிச்சுது."

டோலோரஸின் கை ஒரு நொடி நின்றது. "அந்த வெள்ளை அடுப்பு இன்னுமா இருக்கு?"

"பளபளன்னு இருக்கு."

"என் மாமியாரோடது. அதுலதான் எனக்குச் சமையலே வந்துச்சு." அடுத்த மாவை எடுத்து உருட்டினார். பிறகு, "மூணுல ஒரு பங்கெல்லாம் எனக்கு வேணாம். அந்த அடுப்பு வேணும். குடுப்பியா?" என்றார்.

லொரேன் தீபம் மாதிரி ஆறு பர்னரையும் ஒரே நேரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ரகசியமாக ஆசைப்பட்டிருந்தாள். ஆனால் கேட்கிறவருக்கு அதன் மேல் தன்னைவிட அதிகப் பாத்தியதை உண்டு என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"எடுத்துக்கங்கம்மா. இன்னைக்கே ஆள் அனுப்புங்க."

டோலோரஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆறு மணிக்கு வருவாங்க. ஓரத்த அமுக்கு."

இரண்டு மணி ஆனது. ரே வரவில்லை. இரண்டரை ஆனது. டேரலின் செல்பேசியை யாரும் எடுக்கவில்லை. நடீன் முத்திரைப் பையோடு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து கடிகாரத்தையும் வறுத்த மீனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லொரேன் மடித்த பியரோகிகள் இப்போது நன்றாகவே வந்தன. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கூடத்தில் சலசலப்பு. சாமான் ஏற்றிய லாரி தேவாலய வாசலில் வந்து நின்றது. ஃப்ளோரியன் இறங்கினார். பின்னாலேயே ரே, கைதியைக் கொண்டு வரும் காவலர் தோரணையில்.

"பாத்ரூமுல போயி பூட்டிக்கிட்டான்" என்று ரே மருமகளின் காதில் சொன்னார். "கதவுக்கு வெளிய நின்னு ஒரு மணி நேரம் பேசினேன். என் பொண்டாட்டி போயி ஏழு வருஷம் ஆச்சு, ஒரு தடவ திட்டு வாங்கக் குடுத்து வெச்சா நான் ஓடிப் போயி வாங்குவேன்டான்னேன். தாழ்ப்பாளத் தொறந்துட்டான்."

லொரேன் மாமனாரை ஒரு மாதிரி பார்த்தாள். இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

ஃப்ளோரியன் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் போகவில்லை. தன் முறை வரட்டும் என்று தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்த ஒன்பது நிமிஷமும் நடீன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டோலோரஸின் முன்னால் வந்தார்.

"என்ன வேணும்?"

"பியரோகி. ஆறு."

"தாள்ல என்னன்னு எழுதின?"

"தனியாள்னு."

"நான் யாரு?"

ஃப்ளோரியன் தட்டைக் கீழே வைத்தார்.

"என் பொண்டாட்டி. எல்லாப் படிவத்துலயும் அப்படித்தான் எழுதுறேன். இதுல எழுதினா, உன்னக் கேட்டுட்டு விக்கணும். உன்னக் கேக்கணும்னா உன்னப் பாக்கணும். உன்னப் பாக்குறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல, டோலோரஸ். அந்தப் பொட்டிய வித்தது தப்பு. இருபத்தொம்பது பனிக்காலமும் அந்த மெஷினத் தள்ளிட்டே அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

டோலோரஸ் அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தட்டில் ஆறு பியரோகி வைத்தார். கொஞ்சம் யோசித்து ஏழாவதாக ஒன்று வைத்து, வெங்காயத்தை அள்ளிக் கொட்டினார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

இருபது பெண்களும் கை தட்டினார்கள். வரிசையில் நின்றவர்கள் ஏன் என்றே தெரியாமல் சேர்ந்து தட்டினார்கள். நடீன் மாவு மேசையைத் துடைத்துத் தாளை விரித்தாள். டோலோரஸ் நோவக், ஃப்ளோரியன் நோவக்கின் மனைவி, தன் மூன்றில் ஒரு பங்கை விட்டுக் கொடுத்தார்.

தாளைப் பையில் வைத்துக்கொண்டே நடீன் லொரேனைத் தனியாக அழைத்தாள்.

"கடைசியா ஒரு கேள்வி. வாங்குறவங்க இன்சூரன்ஸ் வேணாம்னு கோடு போட்டுருக்கீங்க. அப்படியே விட்டுரவா? பதிவாகுற வரைக்கும்தான் மாத்த முடியும். ஒரே தடவ கட்டுறது. வீடு உங்க கையில இருக்குற வரைக்கும் இருக்கும். நாளைக்கு எவனாவது வந்து நின்னா, வக்கீல் வெக்கிறதும் அவங்க செலவு."

லொரேன் திரும்பிப் பார்த்தாள். டேரலும் ரேயும் தட்டு நிறைய மீனோடு உட்கார்ந்திருந்தார்கள். போய்க் கேட்டால் மறுபடியும் ஒரு பிரசங்கம் நடக்கும். மணி மூன்றரை. கைப்பையில் புது வீட்டுத் திரைச்சீலைக்கு என்று பேருந்துச் சம்பளத்திலிருந்து அவள் ஒதுக்கிய தொகைக்கு ஒரு காசோலை இருந்தது. இருந்தவர் ஒருவரையே இல்லை என்று எழுதிய வீடு இது. இன்னும் யார் யாரை இல்லை என்று எழுதியிருக்கிறார்களோ?

"திரைச்சீலை இல்லாம கொஞ்ச நாள் இருந்துக்கலாம்" என்றாள். "எழுதிக்கங்க."

அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நீல மையில் கையெழுத்துப் போட்டாள். டேரலிடம் ராத்திரி சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிஷத்துக்குச் செய்தி வந்தது. பதிவாயிற்று.

டேரல் லாரியை நிறுத்திவிட்டு, நடுத்தெருவில் பெண்டாட்டியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். பின்னால் வந்த கார்க்காரன் ஒலி எழுப்ப, ரே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பொறுய்யா, வீடு வாங்கியிருக்கோம்ல!" என்று கத்தினார்.

முதலில் இறங்கியது சாய்வு நாற்காலி. முன்னறையில் ஜன்னல் ஓரமாக அதைப் போட்டு ரே உட்கார்ந்தார். மாடிப்படி ஏற வேண்டாத வீட்டில் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"லொரேன்" என்று கூப்பிட்டார். "அந்தக் கோட்ட நான் போட்டிருக்கக்கூடாது. இன்னைக்கு நடீன் சொன்னதக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல."

சொல்லிவிடலாமா என்று லொரேன் வாயெடுத்தாள். அதற்குள் டேரல் கட்டிலைத் தூக்கக் கூப்பிட்டான். சாப்பாட்டு வேளையில் ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு நிலவறைக்குப் போனாள். அடுப்புக்கு விடை கொடுக்க வேண்டும் அல்லவா? ஆறு பர்னரையும் ஏற்றினாள். நீல வட்டங்கள் ஆறும் ஒழுங்காக எரிந்தன. ஒவ்வொன்றாக அணைத்தாள். வீட்டுச் சாவியை அடுப்பின் மேல் வைத்துவிட்டுத் துணியால் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே பின்வாசல் கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. டோலோரஸ் அனுப்பிய ஆட்கள். ஃப்ளோரியன் சாவி கொடுத்து அனுப்பியிருக்கிறார் போல.

"கீழ வாங்க!" என்று குரல் கொடுத்தாள். "அடுப்பு இங்க இருக்கு!"

படியில் ஒரே ஒரு ஆளின் காலடி, மெதுவாக வந்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், அகலத் தொப்பி, கையில் விமானச் சீட்டு தொங்கும் சிறிய பெட்டி. இவரா ஆறு பர்னர் அடுப்பைத் தூக்கப் போகிறார் என்று லொரேனுக்குச் சிரிப்பு வந்தது.

"தனியாவா வந்தீங்க? இத நாலு பேர் தூக்கணுமே."

கிழவர் அடுப்பைப் பார்த்து நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அந்தப் படத்திலிருந்த பெரிய பையனின் அதே அகன்ற நெற்றி.

"எங்கம்மா அடுப்பத் தூக்க நான் வரலம்மா. ஃப்ளோரியன் வீட்ட விக்கிறான்னு கேள்விப்பட்டேன். மொத விமானத்தப் புடிச்சேன். நான் எமில்." அவர் மூச்சு வாங்கினார். "இதுல பாதி என்னோடது."

சத்தம் கேட்டு டேரலும் பின்னால் நொண்டியபடி ரேயும் படியில் வந்து நின்றிருந்தார்கள். ரேயின் முகத்தில் ஈயாடவில்லை. "போச்சு" என்றார் தழுதழுத்த குரலில். "நானே என் கையால கோடு போட்டேனே!"

"நீங்க போட்ட கோட்டுக்குப் பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா" என்றாள் லொரேன். "நம்ம பேர்லயும் இன்சூரன்ஸ் இருக்கு. மூணரை மணிக்குப் போட்டேன்."

ரே சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை, நீ என்னக் கேக்கல" என்று முணுமுணுத்தார். டேரல் பெண்டாட்டியைப் பார்த்த பார்வையில் திட்டும் இருந்தது, கும்பிடும் இருந்தது.

எமிலுக்கு இவர்கள் பேசுவது ஒன்றும் விளங்கவில்லை. கால்சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து, அடுப்பின் மேல் லொரேனின் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். பித்தளை தேய்ந்திருந்தது. பல்லுக்குப் பல் இரண்டும் ஒன்று.

"சாகுறதுக்கு மொத நாள் எங்கம்மா எங்க ரெண்டு பேரையும் இந்த அடுப்பு முன்னாடிதான் நிக்க வெச்சா" என்றார் எமில். "ஆளுக்கு ஒரு சாவி குடுத்தா. சாவியோட ஒரு தாளும் குடுத்தா."

அவர் குனிந்து பெட்டியின் பூட்டைத் திறந்தார்.